தூரத்தால் வந்தவர்கள்

இலங்கையில் போர் முடிந்த பிறகு, கல்பிட்டியில் எங்கள் வீட்டு மேசையில் மடிகணினியை வைத்துக்கொண்டு ஆய்வுப் பட்டத்துக்காக ஒரு புரதத்தோடு மல்லுக்கட்டினேன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அது சுருண்டு மடிந்திருக்கையில் எத்தனையாவது அமிலம் எத்தனையாவதைத் தொடுகிறது என்று கணினி பக்கம் பக்கமாகப் பட்டியல் தந்தது. பெருமையோடு மனைவியிடம் காட்டினேன். மீன் கழுவிய கையைத் துடைத்துவிட்டு முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

“பத்தும் பதினொண்டும், பதினொண்டும் பன்னிரண்டும். சங்கிலியில பக்கத்தில இருக்கிறது தொடாம என்ன செய்யும்? கலியாணத்துக்குப் பக்கத்து வீட்டாக்கள் வந்ததை யாரும் கதைப்பாங்களா? தூரத்தால வந்த ஆக்களைச் சொல்லுங்க.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் அடுத்தடுத்து இருப்பவற்றை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓடவிட்டேன். பட்டியல் ஒரு பக்கமாகச் சுருங்கியது. சங்கிலியின் இரு கோடியில் கிடந்த இரண்டு அமிலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, முழு மடிப்பையும் குலையாமல் பிடித்துவைத்திருந்தன. மூன்று மாதமாக என் கண்ணில் படாதது.

“ஓம், இது கதைக்க வேண்டிய விசயம்” என்று சொல்லிவிட்டு அவள் மீனிடம் போய்விட்டாள்.

போர்க் காலத்தில், சின்ன வயதில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவள் அவள். இந்த ஊரை விட்டு அசையாத என்னையும் இந்த வீட்டையும் இன்றுவரை பிடித்துவைத்திருப்பது அவள்தான்.