நம்பிக்கைப் பயிற்சி

ஈர மணல் சப்பாத்துக்குள் புகுந்தால் முதலில் விரலிடுக்கில் ஒரு குளிர்ச்சி தெரியும். கரையின் மறுமுனையைத் தொட்டுத் திரும்புவதற்குள் அது எரிச்சலாகி, வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து உரிந்து வரும். பதினான்கு வயதில் நான் திருகோணமலைக் கடற்கரையை அறிந்துகொண்டது அந்த எரிச்சலின் வழியாகத்தான். மற்றவர்கள் அங்கே காற்று வாங்கவும் கச்சான் கடலை கொறிக்கவும் வந்தார்கள். பாடசாலையின் பெண்கள் உதைபந்தாட்ட அணியான நாங்களோ, விடிந்தும் விடியாததுமாக அங்கே கூடி, யோகா மிஸ்ஸின் விசிலுக்குக் காத்து நின்றோம்.

யோகா மிஸ் எங்கள் பயிற்சியாளர். இளமையில் ஓட்டக்காரியாக இருந்து, முழங்கால் பழுதானதால் ஓட்டத்தை விட்டவர். அவருக்குப் பந்தைவிடக் கால்களிலும், கால்களைவிட "ஒற்றுமை"யிலும் நம்பிக்கை அதிகம். இருவர் கால்களைச் சால்வைத் துண்டால் சேர்த்துக் கட்டி ஓடவிடுவார். ஒருத்தியை மற்றவள் முதுகில் சுமந்து மணலில் நடக்கச் செய்வார். எல்லாம் முடிந்த பிறகு நீண்ட ஓட்டம் ஒன்று இருக்கும். அதில் கடைசியாக வருகிறவளுக்குத் தண்டனையே கிடையாது. அவள் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மற்ற எல்லோரும் திரும்பவும் ஓட வேண்டும்.

"ஒருத்தி பிந்தினா எல்லாரும் பிந்தின மாதிரித்தான். அதை உங்கட கால் மறக்கக் கூடாது" என்பார் மிஸ்.

கடைசியாக வருகிறவள் எப்போதும் நான்தான். சிறுவயது முதல் எனக்கு இளைப்பு. கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். ஆனால் பந்தை உதைக்கத் தெரியும். எங்கள் கோல் வாசலில் நின்று நான் இடக்காலால் அடிக்கும் பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழும். அதற்காகத்தான் மிஸ் என்னை அணியில் வைத்திருந்தார், அதற்காகத்தான் நானும் எரியும் கால்களோடு போய்க்கொண்டிருந்தேன். அவ்வருட மாவட்டப் போட்டியில் ஆட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

நான் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் என்னைக் கடந்து ஓடுவார்கள். முதலில் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு பார்க்காமல் ஓடினார்கள். பிறகு, கடந்து போகும்போது காலால் மணலை என் முகத்துக்கு எற்றினார்கள். கப்பலை நகரவிடாத பாரம் என்று எனக்கு "நங்கூரம்" எனப் பெயர் வைத்தார்கள். ஒருநாள் என் தண்ணீர்ப் போத்தலில் கடல் நீர் இருந்தது. இளைத்துக்கொண்டு வந்த அவசரத்தில் பாதியைக் குடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அணித் தலைவி டெலிசியா. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. எங்களில் எல்லோரையும்விட வேகமாக ஓடுகிறவள். எனக்குப் பந்தைக் காலில் வாங்கி நிறுத்தப் பழக்கியவள் அவள்தான். மாதா கோயில் மதிலுக்குப் பந்தை அடித்து அடித்துப் பின்னேரம் முழுக்க இருவரும் விளையாடியிருக்கிறோம். அந்தப் பருவத்தில் அவளுடைய கணைக்காலில் ஒரு வீக்கம். முதலாவதாக வந்தும், என்னால், வீங்கிய காலோடு அவள் திரும்பவும் ஓட வேண்டியிருந்தது. மெல்ல மெல்ல அவள் என்னோடு கதைப்பதை விட்டாள்.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையெடுக்காமல், "அடியாத மாடு படியாது" என்றார். அம்மா என் காலுக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டார்.

அப்போதுதான் மிஸ் கொழும்பில் ஏதோ பயிற்சிக்குப் போய், "நம்பிக்கைப் பயிற்சி" என்ற ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தார். கடற்கரை ஓரத்தில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு பழைய மதில் இருந்தது. ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு, கீழே நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டி அதன்மேல் நிற்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று கைகளை நீட்டியிருப்பார்கள். மிஸ் ஒன்றிலிருந்து எண்ணி "மூண்டு" என்றதும் அவள் பின்பக்கமாகச் சாய வேண்டும். ஒவ்வொருத்தியாக விழுந்தார்கள்; ஒவ்வொருத்தியையும் கைகள் தாங்கின. எல்லோரும் வெகுநாளுக்குப் பிறகு சிரித்தோம். விழுந்தவள் கைகளில் மிதந்தபடி கூச்சலிட்டதைப் பார்க்க, எனக்கும் எப்போது என் முறை வரும் என்றிருந்தது.

என் முறை கடைசியாக வந்தது. கண் கட்டியிருந்தது. கீழிருந்து டெலிசியாவின் குரல் கேட்டது. "பயப்பிடாத சுபா, நான் நிக்கிறன்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்தாள். அந்தச் சந்தோசத்திலேயே சாய்ந்தேன். விரல் நுனிகள் என் முதுகில் பட்டன. உண்மையாகவே பட்டன. பிறகு, எல்லாம் ஒன்றாக விலகின. மணலுக்கு அடியில் உடைந்த மதிலின் கொங்கிறீட் துண்டொன்று கிடந்திருக்கிறது. என் முழங்கை அதில் போய் மோதியது.

மற்றக் கையால் கண்கட்டை இழுத்துப் பார்த்தேன். இரண்டு வரிசையும் அப்படியே நின்றன. எல்லோருடைய கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"ஆர் கையை எடுத்தது?" என்று மிஸ் கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருத்தியின் முகத்துக்கு முன்னாலும் போய் நின்று கேட்டார். டெலிசியாவிடம் வந்தபோது அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் திரும்பி வந்து, என்னைத் தூக்கி நிறுத்தி, மணலைத் தட்டிவிட்டபடி அவர்களிடம் சொன்னார்:

"ஒருத்தியும் காட்டிக் குடுக்கேல்ல. இண்டைக்குத்தான் நீங்கள் ஒரு ரீம், ஒரே அணி."

ஆஸ்பத்திரிக்கு முச்சக்கர வண்டியில் போகும்போது என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு வந்தவரும் மிஸ்தான். அவர் முகத்தில் கவலை இருந்தது. கூடவே ஒரு திருப்தியும் இருந்தது.

அப்பா பாடசாலைக்குப் போய்க் கேட்டார். "அவா பயந்து வழுக்கிப் போட்டா" என்று மிஸ் சொல்ல, அங்கிருந்தவர்கள் தலையாட்டினார்களாம். அப்பா திரும்பி வந்து, "விளையாட்டெண்டா விழத்தான் வேணும், பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் முகம் கழுவும் சத்தம் கேட்டது.

அவ்வருடம் எங்கள் அணி மாவட்டத்தில் வென்றது. கம்பி வேலிக்கு வெளியே, கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையோடு நின்று பார்த்தேன். என் இடத்தில் வேறொருத்தி ஆடினாள். டெலிசியா கோல் அடித்தபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் கத்தினேன். என் முழங்கை இன்றுவரை முழுதாக நிமிர்வதில்லை.

அந்த மதில் இப்போது இல்லை. கரையில் பாதியைக் கடல் தின்றுவிட்டது, மீதியில் சாப்பாட்டுக் கடைகள். யோகா மிஸ் மகனோடு வெளிநாட்டில் இருந்து காலமானார். பாடசாலையில் பெண்கள் அணி கலைந்து வெகுகாலமாகிறது.

போன மாதம் பஸ் நிலையத்தில் டெலிசியாவைக் கண்டேன். கலியாணம் முடித்துக் குச்சவெளியில் இருக்கிறாளாம். என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"எங்கட ரீம் மாதிரி ஒண்டு இனி வராதடி. நீயும் இருந்தனி எல்லோ, வழுக்கி விழுறதுக்கு முந்தி?"

"நான் வழுக்கேல்ல, டெலிசியா."

அவள் மரக்கறிப் பையைக் கை மாற்றினாள். குச்சவெளி பஸ்ஸை இயக்கிவிட்டார்கள்.

"தெரியும்" என்றாள். "நீ விழுந்தா நாளைக்கு வரமாட்டாய், அப்ப நாங்கள் ஒருக்கா மட்டும் ஓடினாப் போதும் எண்டு நினைச்சனாங்கள்."

"பிறகு?"

"பிறகென்ன? அடுத்த நாள் வேற ஒருத்தி கடைசியா வந்தவள்" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து பஸ்ஸில் ஏறினாள்.