எண்பத்தைந்துக்கு இருபத்திரண்டு அடி

சைக்கிள் கடைப் படியில் மஞ்சள் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. ஒரு கோடு நேராக, இன்னொன்று சற்றுக் கோணலாக. கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஒன்று நுழைந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய தெரு அது. குழாய்க்குத் தோண்ட நகராட்சி வைத்த அடையாளம் என்று பலரும் நினைத்திருந்தார்கள். அதற்கு நேர் எதிரேதான் நான் முதலில் வேலை பார்த்த ஸ்டுடியோ. அந்தக் குறி எப்படி வந்தது என்று சொன்னால், என்னோடு அங்கே வேலை பார்த்த அக்காவைப் பற்றியும் சொன்னதாகிவிடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தையே முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் கல்லூரியில் காட்சித் தொடர்பியலும் படித்திருந்தேன். அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய காசில் படித்த படிப்பு. அதை நான் எவரிடமும் மறைத்ததில்லை, கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிக்கொண்டேன். ஸ்டுடியோவில் படம் எடுப்பது என் வேலை. அதைக் கம்ப்யூட்டரில் திருத்துவது அக்காவின் வேலை. எங்கள் கடைக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் பெண்களின் கல்யாணப் போட்டோ, அதாவது மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது. கூட வரும் தாய்மார்கள் ஸ்டூலில் பிள்ளையை உட்கார்த்திவிட்டு, "கொஞ்சம் கலராத் தெரியணும்" என்பார்கள். நிறத்தைக் கூட்டி, பருவை எடுத்து, கடைசியாக அக்கா மூக்கைக் குறைப்பார். எட்டு வருடமாக அந்தத் தெருவுக்கு வந்த எல்லா மூக்குகளையும் அவர்தான் குறைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவர் குறைத்துக்கொண்டிருந்தபோது, அது மூக்கின் குற்றமில்லை என்றேன். எங்கள் அறை ஒன்பதடி. திரை, விளக்கு, ஸ்டூல் போக, உட்காருபவருக்கும் கேமராவுக்கும் நடுவே இரண்டு முழம்தான் மிச்சம். அவ்வளவு அருகில் நின்றால், காதைவிட மூக்கு லென்ஸுக்கு நெருங்கிவிடுகிறது. அதனால் பெருத்துத் தெரிகிறது. தள்ளி நின்றால் சரியாகும். தள்ளி நின்றபடியே ஆளை நிறைவாகப் பிடிக்கத்தான் எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ் இருக்கிறது. பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிப்பதுபோல் இதைச் சொன்னேன். அக்கா மவுஸில் இருந்து கையை எடுத்தார்.

"அப்பம் என் மூக்கு?" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். அவருடைய கல்யாணப் போட்டோவும் இதே ஸ்டூலில், இதே இரண்டு முழத்தில் எடுத்தது. அதையும் அவரே திருத்தினார். மூன்று இடத்துக்குப் போனது. மூன்று வீட்டார் நேரில் வந்தார்கள். மூன்று வீட்டாரும் கையில் இருந்த போட்டோவையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியாக வந்தவர்களில் ஒரு பெண், காபி டம்ளரை வைக்கும் முன்பே, "போட்டோல வேற பிள்ள மாதிரி இருந்துச்சே" என்று சொல்லியிருக்கிறாள். இப்போது கயத்தாறுப் பக்கம் ஒரு இடம் வந்திருந்தது. இதுவும் தட்டிப்போனால் தங்கைக்கு முதலில் முடித்துவிடுவதாக அவருடைய அப்பா சொல்லிவிட்டார்.

"அழகா வேண்டாம்ட்டி. வாரவிய என்னய எதிர்பாத்து வரணும். அவ்வளவுதான்."

நான் முதலாளியைப் பிடித்துக்கொண்டேன். அவரை எல்லோரும்போல நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். முதலில் அவர், இருக்கிற லென்ஸே எந்த மூக்குக்கும் போதும் என்றார். ஒரு வாரம் விடாமல் சொல்லி, அவர் மதுரைக்குப் போனபோது அந்த லென்ஸை வாங்க வைத்தேன். வந்ததும் கேமராவில் மாட்டி, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். முகமும் கழுத்தும் தெரிந்தன. அதற்குக் கீழே எதுவும் இல்லை. கல்யாணப் போட்டோவில் சேலை தெரிய வேண்டும், கை தெரிய வேண்டும், முழு உயரத்துக்கு ஒன்று வேண்டும். அந்த லென்ஸை நான் கையாண்டது கல்லூரிக் கூடத்தில். அங்கே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். இந்த அறையை அளந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணாச்சி கல்லாவில் இருந்து எழுந்து வந்து பார்த்தார். "படிச்ச பிள்ள சொல்லுதேன்னு கேட்டேன். இப்பம் கடைய இடிக்கணுமா, லென்ஸ வெட்டணுமா, அதயும் நீயே சொல்லிரு."

அன்று எனக்குக் காது சுட்டது. அக்காதான் வாசல் கதவு இரண்டையும் விரியத் திறந்தார். "அங்கன போய் நில்லு" என்று எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

தெருவைக் கடந்து, சைக்கிள் கடைப் படியில் ஏறித் திரும்பினேன். கேமராவின் பார்வைக் கண்ணாடியில் தலை முதல் கால் வரை அக்கா நின்றார். மூக்கு, அவருடைய மூக்கின் அளவில் இருந்தது. ஆனால் நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே தெரு ஓடிக்கொண்டிருந்தது. கொத்தமல்லி மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று சரியாக எங்களுக்கு நடுவில் வந்து நின்றது. சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டு எழுந்தார்.

"ஏலே, வண்டிய எடுலே! பிள்ளைக்கு மாப்பிள்ள வீட்டுக்குப் போட்டோ எடுக்காவ!"

"எந்த ஊரு மாப்பிள்ள?" என்றான் வண்டிக்காரன், நகராமல்.

"ஒனக்கென்னத்துக்கு? நீயா மொய் எழுதப் போற?"

தெருவே சிரித்தது. அக்கா இந்தச் சம்பந்தத்தைக் அண்ணாச்சியையும் என்னையும் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் ஊகித்துச் சொன்னதில் இப்போது டீக்கடை வரைக்கும் தெரிந்துவிட்டது. வண்டி நகர்ந்ததும், நான் எடுப்பது தெரியாமல், அவர் வண்டிக்காரனை ஒரு பார்வை பார்த்தார். ஒரு கை இடுப்புக்குப் போயிருந்தது. அப்படியே படம் எடுத்துவிட்டேன். பிறகு அடக்கமாக நிற்கச் சொல்லிச் சைகை காட்டி, வாய் மூடிய படங்கள் பத்துப் பதினைந்து எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் ஏற்றியதும் நான் அந்தப் பதினைந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டினேன். அவர் முதல் படத்துக்குத் திரும்பப் போனார். கோபமாக இருக்கிறதே என்றேன். "வீட்ல நான் இப்பிடித்தான இருக்கேன்" என்றார். நிறத்தைத் தொடவில்லை. மூக்கின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு பிரிண்ட் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கயத்தாறில் இருந்து வந்தார்கள். திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். அண்ணாச்சியும் நானும் கேட்கவில்லை. பதினொரு மணி டீக்கு அவரே சொன்னார்.

"வேண்டாம்னுட்டாவ. கல்யாணத்துக்குப் பொறவு வேலைக்கு விடமாட்டாவளாம். நான் போவேன்னேன்." டீயைக் குடித்து முடித்தார். "ஆனா அந்த அம்மா வாசல்ல செருப்பக் கழத்தும்போதே, நீதானாம்மான்னு கேட்டாவ. போட்டோவப் பையில இருந்து எடுக்கவே இல்ல."

அன்று மாலை அக்கா சைக்கிள் கடையில் மட்கார்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஒரு மூடி வாங்கி, படியில் நான் நின்ற இடத்தில் அந்தக் குறியைப் போட்டார். டேப்பைப் பிடித்து அளந்தோம். உள்ளே நிற்பவர் வரை இருபத்திரண்டு அடி. அதன்பின் கல்யாணப் போட்டோவுக்கு வந்த பிள்ளைகள் எல்லோரையும் நான் தெருவைத் தாண்டி நின்றுதான் எடுத்தேன். தாய்மார்கள் கேட்டால் அக்கா நிறத்தைக் கூட்டுவார். மூக்கில் கை வைக்க மாட்டார். அதே கோபப் படம் அடுத்த வருடம் மணியாச்சிக்குப் போனது. அவர் இப்போது கல்யாணமாகி அங்கேதான், ரயில்வேக்காரர் வீட்டில். வேலையையும் விடவில்லை, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார்.

எனக்கும் சொந்த ஸ்டுடியோ வந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே டேப்பைப் பிடித்து அறையை அளந்தேன். லென்ஸ் என் யோசனைதான்; இதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். எங்கே நிற்க வேண்டும் என்பது என் யோசனை இல்லை. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் செல்போன் கடை, முன்னால் முழுக்கக் கண்ணாடி. சைக்கிள் கடைப் படியில் குறியின் ஒரு கோடு தேய்ந்துவிட்டது. கோணல் கோடு மட்டும் இருக்கிறது. ஏறி அதன்மேல் நின்றேன். எதிரே கண்ணாடியில் நான் தெரிந்தேன், தலை முதல் கால் வரை, சின்னதாக, என் அளவில். நடுவில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அது போகும்வரை அங்கேயே நின்றேன். ஒரு கை தானாக இடுப்புக்குப் போயிருந்தது.