கிருசாந்தி சொன்ன ‘இல்லை’

2022ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், பீலெஃபெல்ட் நகரின் மாணவர் விடுதி ஒன்றின் பொதுச் சமையலறையில், கம்சனா முதன்முதலாகக் கிருசாந்தியைக் கண்டாள். உயிரித்தொழில்நுட்பம் படிப்பதற்காக தன் ஊரான நெல்லியடியிலிருந்து வந்து ஒரு கிழமைகூட ஆகாத அந்தப் பெண், அடுப்புக்கும் சன்னலுக்கும் இடையே நடந்துகொண்டேயிருந்தாள். இருக்கச் சொன்னால் இருந்தாள், மறுகணமே எழுந்துவிட்டாள். கதிரை சுடுகிறதோ என்று கம்சனாவுக்குத் தோன்றியது.

கம்சனா அந்த நகரிலேயே பிறந்தவள். ஏதிலிகளாக வந்த பெற்றோரிடம் தமிழையும், பள்ளிக்கூடத்தில் எதிர்க்கேள்வி கேட்கும் வழக்கத்தையும் கற்றவள். தன்னிலும் சற்று மூத்த கிருசாந்தியை அக்கா என்று அழைத்தாள். இருவரும் ஒரே அடுப்பில் சமைக்கத் தொடங்கினார்கள்.

மறு ஆண்டு கிருசாந்தியின் நடை இன்னும் கூடியது. ஒரு பாடத்தின் வாய்மொழித் தேர்வில் இருமுறை தவறியிருந்தாள். மூன்றாம் முறையும் தவறினால் அந்தப் படிப்பையே விட்டுவிட வேண்டும். படிப்புப் போனால் வீசாவும் போய்விடும். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பாள். மறந்துபோய் மீண்டும் கொதிக்க வைப்பாள்.

“படிச்சது காணாதோ அக்கா?”

“எல்லாம் தெரியும். அங்க போய் இருந்தால் பிழைச்சுப்போகுது.”

அது எப்படித் தவறாகிப்போகிறது என்பது, கத்தரிக்காய்க் குழம்பு கொதித்த ஒரு மாலையில்தான் விளங்கியது. மேசையில் இருந்தபடியே கம்சனா விளையாட்டாகச் சொன்னாள்:

“அக்கா, புளி கூடிப்போச்சு.”

“ஓம், கொஞ்சம் கூடித்தான் போச்சு.”

“நான் இன்னும் வாயிலயே வைக்கேல்லை!”

கிருசாந்தி கரண்டியும் கையுமாக நின்றாள். பின்பு தேர்வறையில் நடந்ததை மெல்லச் சொன்னாள். வளர்ப்புக் கலனுக்குள் நுண்ணுயிர்களின் வளர்ச்சி ஏன் நின்றது என்று பேராசிரியர் கேட்டாராம். ஒட்சிசன் தீர்ந்துவிட்டது என்று சரியாகவே சொன்னாளாம். “சீனி தீர்ந்திருக்காதா? நிச்சயமாகத் தெரியுமா?” என்று அவர் புருவத்தை உயர்த்தியதும், “சீனிதான்” என்று மாற்றிவிட்டாளாம். இரண்டாம் முறை கேள்வி வேறு, கதை அதேதான்.

“படிப்பிக்கிறவர் அப்பிடிக் கேக்கேக்க, இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

“அவர் உங்களைத் தட்டிப் பாக்கிறார், அக்கா. நீங்கள் தேங்காயைத் தட்டிப் பாத்துத்தானே வாங்குறனீங்கள்?”

அன்றே பயிற்சி தொடங்கியது. கம்சனா வாய்கூசாமல் பொய் சொல்வாள். கிருசாந்தி மறுக்க வேண்டும்.

“இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடையெல்லாம் திறந்திருக்கு.”

“இல்லை... ஞாயிறில இங்க கடை பூட்டு எண்டு நினைக்கிறன்.”

“நினைக்கவேண்டாம், சொல்லுங்கோ!”

பல நாள்கள் அந்த ‘நினைக்கிறன்’ அவளை விட்டு அகலவில்லை. ஒருநாள் கம்சனா, ஊரில் பனங்கிழங்கு மாவில் மீனிட்டுக் காய்ச்சும் கூழைப் பற்றி, “ஒடியல் கூழுக்கு மீன் தேவையில்லை, பிறொக்கொலி போட்டாலே காணும்” என்றாள்.

“ஆர் சொன்னது? மீன் இல்லாமல் கூழோ? உமக்கு ஒண்டும் தெரியாது, வாயை மூடும்!”

சொன்னவளே திடுக்கிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கம்சனா மேசையில் தாளம் போட்டாள். “இதுதான் அக்கா! இந்தக் கூழை அங்க கொண்டுபோங்கோ!”

ஆயினும் தேர்வுக்கு முதல்நாள் கிருசாந்தி, நடந்தபடியே கேட்டாள்: “அவர் மெய்யாவே சரியாச் சொன்னால்? அப்பவும் நான் இல்லை எண்டு நிண்டால்?”

இதைக் கம்சனா எண்ணிப்பார்த்ததே இல்லை.

ஆகவே, 2024ஆம் ஆண்டின் அந்தக் குளிர்காலக் காலையில், தேர்வறைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தவள் கம்சனா. பணிவைக் கெடுத்துப் பிடிவாதத்தை ஊட்டிவிட்டேனோ? அவளைத் திருப்பியனுப்பப்போவது என் விளையாட்டுத்தானோ? கதவின் மறுபுறத்தில் பேச்சு எழுந்தது, நின்றது, மீண்டும் எழுந்தது.

கிருசாந்தி அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

“அவருக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டன், கம்சனா! வெப்பம் கூடினதாலயோ எண்டு கேட்டார். இல்லை எண்டன். நிச்சயமோ எண்டார். நிச்சயம் எண்டு வரைபடத்தில விரலை வைச்சுக் காட்டினன்.”

“அவர் சரியாச் சொன்ன இடம்?”

“ஒண்டு இருந்தது. அது என்ர பிழைதான், ஒத்துக்கொண்டன்.”

“ஐயோ, பாஸோ இல்லையோ?”

“பாஸ். நல்ல புள்ளிதான். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சவர். கோவம் போல.”

கம்சனா சிரித்த சிரிப்பில் தாழ்வாரத்தின் கதவுகள் இரண்டு திறந்தன.

அடுத்த ஆண்டுக் கோடையில், படிப்பை முடித்த கிருசாந்திக்கு ஸ்டுட்கார்ட்டில் ஆய்வுகூட வேலை கிடைத்தது. வழியனுப்பக் கம்சனா நிலையத்துக்குச் சென்றாள். பெட்டிகளை ஏற்றிவிட்டும் கிருசாந்தி இருக்கையில் அமரவில்லை, இறங்கினாள், ஏறினாள். கதவு மூடப்போகும் ஒலி கேட்டதும் தலையை வெளியே நீட்டினாள்.

“கம்சனா, எனக்கு ஒரு உதவி செய்வீரோ? பேராசிரியரை எங்கயாவது கண்டால், இன்னும் கோவமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லும்.”