கன்ட்ரோல் பாத்தி

வேலம்மா அக்காவுக்கு வேலை தெரியாது என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த வீட்டுக்காரி நான். நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

அக்காவின் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அக்கா கொடைக்கானலில் தினக்கூலி. வருடக்கணக்காகக் கோஸ் தோட்டங்களில் பூச்சிமருந்து டேங்கை முதுகில் சுமந்து, கையெல்லாம் தடித்து, இருமி இருமிக் கிடந்தார். அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனி சோதனைத் தோட்டம் போட்டு அவரை வேலைக்கு எடுத்தபோது எனக்கே நிம்மதியாக இருந்தது. அங்கே அடித்தது விஷமில்லை. மொச்சைக் கொட்டையிலிருந்து எடுத்த ஏதோ ஒரு புரதம். இலையோடு அதையும் தின்ற புழுவுக்குச் செரிக்காதாம். வயிறு முட்டத் தின்றும் பட்டினியில் சாகுமாம். அந்தத் தோட்டத்துக்குப் போன பிறகு அக்காவின் இருமல் நின்றது.

பொறுப்பில் இருந்த ஹரிகிருஷ்ணன் சார் ஓரத்துப் பாத்தியைக் காட்டி, “இது கன்ட்ரோல். இதுக்கு மருந்து அடிக்கக் கூடாது. பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அக்கா பார்த்துக்கொண்டார். தினமும் வெள்ளனே போய், அந்தப் பாத்தியில் இலை இலையாகப் புரட்டிப் புழுவைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். மருந்தில்லாமல் கன்ட்ரோல் பண்ண வேறு என்ன வழி இருக்கிறது?

அறுவடைக்கு வந்த சாருக்கு முகம் செத்துப்போனது. மருந்து அடித்த கோஸும் அடிக்காத கோஸும் ஒன்றுபோல் திரண்டு நின்றன. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அக்கா பெருமையாக டப்பாவை நீட்டினார்.

“ஐயோ, அதைப் புழு திங்க விடணும்மா! அப்பத்தானே அடிச்ச பாத்திக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியும். எல்லாம் வீணாப் போச்சு!”

“நீங்கதானே சார் கன்ட்ரோல்னு சொன்னீங்க. அப்பிடித்தான் பண்ணி வச்சிருக்கேன்.”

“படிக்காதவங்கள வச்சா இப்படித்தான்” என்றார் அவர். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

‘இந்தப் பாத்தியைப் புழு தின்னட்டும், தொடாதீங்க’ என்று சொல்ல அந்த வாய்க்கு என்ன கேடு? நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பினேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடு தாரணி. பாவம், அவரு சோலியும் கெட்டுப்போச்சுல்ல.”

அவருக்குப் பாவம் பார்க்கிறார்!

இப்போது அக்கா மறுபடி பழைய தோட்டத்தில் டேங்க் சுமக்கிறார். இருமல் சுவர் தாண்டி எனக்குக் கேட்கிறது. அந்த முதலாளி கன்ட்ரோல் கின்ட்ரோல் என்றெல்லாம் பேசுவதில்லை. “ஒரு புழு மிஞ்சக் கூடாது, நல்லா அடி” என்று தெளிவாகத் தமிழில் சொல்லிவிடுகிறார்.