பிள்ளைக் காசும் டோர்வல் சம்பளமும்

இலங்கையில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த அந்த வருடம், யூலை மாதம் எங்களுக்கு வந்த பிள்ளைக் காசு பாதிக்கும் கீழே போய்விட்டது. மொன்றியலில் எங்கள் வீட்டு வாடகையின் பெரும்பங்கு அந்தக் காசில்தான் ஓடியது. பிள்ளைகளை வளர்க்க அரசாங்கம் மாதாமாதம் தரும் காசு அது; வருமான வரிக் கணக்கைப் பார்த்துத்தான் தரும். வருமானம் கூடினால் காசு குறையும். எங்களுக்கு ஒன்றும் கூடியதாக நான் காணவில்லை.

"அதை விடும், கிண்டாதையும்," என்றார் என் கணவர். விடியுமுன் ஜான்-டலோன் சந்தைக்கு மரக்கறி இறக்கப் போனால் இரவில்தான் திரும்புவார். எதற்கும் வாய் திறக்க அவருக்குப் பஞ்சி, அலுப்பு. எனக்கு அப்படியில்லை. அவரிடம் சொல்லாமல் சண்டை பிடிக்கவென்றே வரிக் கந்தோருக்குப் போனேன். எனக்குப் பிரெஞ்சு வராது என்பதால் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டேன்.

கவுண்டரில் இருந்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். சந்தைச் சம்பளத்துக்குக் கீழே இன்னொரு சம்பளம். டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையலறை ஒன்றில், என் கணவரின் பெயரில்.

அது அவருடைய தம்பியின் வேலை. தம்பி எங்களோடுதான் இருந்தார். அகதி வழக்கு விசாரணைக்கு வரவில்லை, வேலை அனுமதியும் கிடைக்கவில்லை. அதனால் அண்ணனின் பெயரையும் வேலைக்கென அரசாங்கம் அவருக்குக் கொடுத்த இலக்கத்தையும் கொடுத்து வேலை செய்தார். எங்கள் கட்டிடத்தில் அப்படிச் செய்தவர்கள் வேறும் இருந்தார்கள். அவருடைய உழைப்பு எங்கள் வருமானமாகி என் பிள்ளைகளின் காசைத் தின்னும் என்று நான் யோசிக்கவேயில்லை. என் மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கிண்டாதே என்றிருக்கிறார். வீட்டுக்குப் போய் அவரை என்ன செய்வதென்று பிறகு பார்க்கலாம்.

அது என் கணவருடைய சம்பளம் இல்லை என்று சொன்னால் காசு திரும்பி வரும். ஆனால் யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். தம்பியின் வழக்கு அதோடு கெட்டுவிடலாம். கொழும்புக்குத் திருப்பி அனுப்பினால் அவர் உயிரோடு இருப்பாரா என்பதே சந்தேகம்.

அந்தப் பெண் மகளிடம் ஏதோ கேட்டாள்.

"அம்மா, அப்பா டோர்வல்லையும் வேலை செய்யிறவரோ எண்டு கேக்கிறா," என்றாள் மகள். "அது சித்தப்பா எல்லோ?"

அங்கே யாருக்கும் தமிழ் விளங்காது. ஆனாலும் வரிசையில் நம்மவர் முகம் ஏதும் தெரிகிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அப்பாதான். ஓம் எண்டு சொல்லு."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொன்னால் அடிக்கிற அம்மா நான். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக் கதைக்கத் தொடங்கினாள். ஓம் என்பதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல் போதும் என்பது எனக்கும் தெரியும். இவளோ கதைத்துக்கொண்டே போனாள். அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். கடைசியில் அந்தப் பெண் மகளின் கையைத் தட்டிக் கொடுத்து, என்னிடம் மெதுவாகத் தலையசைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்ததும் மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னடி சொன்னனீ?"

"அப்பாக்கு ரெண்டு வேலை எண்டு சொன்னன்."

"அதுக்கு அவ்வளவு கதையோ?"

"அவர் போகேக்க நான் நித்திரை, வரேக்கையும் நான் நித்திரை, அப்பாவை நான் காணுறதே இல்லை எண்டும் சொன்னன்." பிறகு கேட்டாள், "அது பொய்யில்லைத்தானே அம்மா?"

பொய்யில்லை என்றேன்.