பம்பை அத்தியாயத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு

“இதெல்லாம் படிச்சி உனக்கு என்னாமா புரியப் போவுது?” என்று விடுதி முதலாளி ஒருமுறை கேட்டார். மௌனத்தைப் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்றில் நான் பாதி தாண்டியிருந்தேன். மௌனத்துக்கு எதற்கு இத்தனை பக்கம் என்பதுதான் புரியவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

செங்கம் சாலையில், ஆசிரமங்களுக்கு வருகிறவர்கள் தங்கும் அந்த விடுதியில் வரவேற்பு மேசை என்னுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யாரும் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவேன். அறையைக் காலி செய்பவர்கள், பெட்டியின் எடை குறையட்டும் என்று புத்தகங்களை என் மேசையில் விட்டுப் போவார்கள். பற்றை விடுவது எப்படி என்று சொல்லும் புத்தகங்களே அதிகம் வரும். அடுத்து வருகிறவர்கள் படிக்கட்டும் என்று அவற்றை ஓர் அலமாரியில் அடுக்கினேன். அதற்கு முன் நான் படித்துவிட்டு, என் கருத்தை எழுதி அட்டைக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைப்பேன்.

‘முதல் மூன்று அத்தியாயம் போதும். மற்றவை அதையே மெதுவாகச் சொல்கின்றன.’

‘நான்கு மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்கிறார். எங்கள் அம்மா மூன்றரைக்கே எழுகிறார். இன்னும் மாறவில்லை.’

எல்லாவற்றையும் குறை சொன்னேன் என்றில்லை. குரல் போன பிறகு வாழ்ந்ததைப் பற்றி ஒரு பாடகி எழுதிய புத்தகத்தை நான் அலமாரியில் வைக்கவே இல்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

சென்னைக்காரர் ஒருவர், இசை மனிதரின் அகந்தையைக் கரைக்கும் என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் பம்பை மேளத்துக்கு ஓர் அத்தியாயம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் கேட்டாராம். அடிப்பவர்களுக்கு ‘நான்’ என்ற நினைப்பே கிடையாதாம். என் அப்பா அதே பக்கத்தில் பம்பை அடிப்பவர். நோட்டீசில் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டார்கள் என்று ஒரு வருடம் திருவிழாவுக்கே போகாதவர். ‘எழுதியவர், அடித்தவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்’ என்று சீட்டு வைத்தேன்.

போன மாதம் அந்த எழுத்தாளரே பத்து நாள் தங்க வந்தார். இரண்டாம் நாள் சீட்டும் கையுமாக என் முன் நின்றார்.

“இதை யார் எழுதினது?”

“நான்தாங்க சார்.”

“புத்தகத்தை முழுசாப் படிச்சீங்களா?”

“படிச்சேங்க. முன்னுரைய ரெண்டு தடவ.”

“உங்களுக்கு சங்கீதம் தெரியுமா?”

“தெரியாதுங்க. எங்கப்பாவைத் தெரியும்.”

பாராட்டும் பழியும் தனக்கு ஒன்றுதான் என்றார். சொல்லிவிட்டு நேராக முதலாளியின் அறைக்குப் போனார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “சாயங்காலத்துக்குள்ள எல்லாச் சீட்டையும் எடுத்துடுமா. கெஸ்ட் மனசு கஷ்டப்படக் கூடாது.”

“புத்தகமுங்களா?”

“புக்கு இருக்கட்டும். உன் கருத்துதான் ஜாஸ்தியாப் போச்சு.”

ஒவ்வொன்றாக எடுத்தேன். அத்தனையையும் ஒருத்தி உட்கார்ந்து படித்தாள் என்பதற்கு அந்த அலமாரியில் வேறு அடையாளம் இல்லை. எனக்கு வலித்தது அதுதான்.

நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று உண்டு. மாதம் ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். நான் எப்போதும் கடைசி வரிசை. இந்த முறை என் பெயரைக் கொடுத்தேன், அந்த எழுத்தாளருடைய புத்தகத்தின் பெயரையும். வீட்டில் அப்பாவிடம் சொன்னேன்.

“அந்த ஆளு வருவாரா?” என்று கேட்டார்.

“தெரியலப்பா.”

“கூப்டாம எப்படித் தெரியும்?”

மறுநாள் காலை, வேலை தொடங்குமுன் மாடிக்குப் போய், எழுத்தாளரின் அறைக் கதவுக்கு அடியில் வாசகர் வட்டத்தின் அழைப்பிதழைத் தள்ளிவிட்டு வந்து என் மேசையில் உட்கார்ந்தேன்.