தார் படாத வழி

பங்குனி, முதல் ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு மரக்காணத்தில் மிதிவண்டியை வண்டியிலிருந்து இறக்கினேன். வானம் தெளிவு. காற்று கடலிலிருந்து, மெல்லியது. ஆறு இருபதுக்குக் கால்வாய்க் கரை. ஏழு மணிக்கு உப்பளத்தின் நடுவரப்பு. அங்கே நாற்பது நிமிடம் நின்றேன். பதினொன்றேகாலுக்குக் கோட்டக்குப்பம். டயர் பஞ்சராகவில்லை. விழவில்லை. வழியில் தெரிந்தவர் மூவரைப் பார்த்தேன். சொல்லச் சென்ற செய்தியை ஒருவரிடமும் சொல்லவில்லை.

முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். ஆய்வுக் குறிப்பேட்டில் நடந்ததை முதலில் எழுது, அதற்குக் காரணம் கற்பிப்பதைப் பிறகு வைத்துக்கொள் என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். மேலே உள்ளது அந்தப் பழக்கத்தில் எழுதியது. எழுதி முடித்துக் காலணியைக் கழற்றியபோது அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது. விரலால் தடவினேன். உலர்ந்த களிமண்ணும் பாசியும் கலந்த ஒரு வாடை, கடற்கரையில் வராத வாடை. காரணத்தைத் தள்ளிப்போட அதற்கு மேல் முடியவில்லை.

ஜமாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் இருபத்திரண்டு ஆண்டுகள் டாக்சி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பிய மறுவாரம், வீட்டில் நின்றிருந்த காரின் சாவியை மகள் ரஷீதாவிடம் கொடுத்துவிட்டு, எனக்குத் தெரிந்த கடையில் ஒரு மிதிவண்டி வாங்க வந்தார். நானும் அன்று பிரேக் கட்டை மாற்ற அங்கே நின்றிருந்தேன். எதற்கு இந்த வயதில் மிதிவண்டி என்று கடைக்காரர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"இருவது வருஷத்துக்கு மேல ரோட்டுலயே இருந்தேம்பா. ஹாரன் சத்தம் காதுக்குள்ள குடும்பம் நடத்துது. இனிமே ரோட்டுல ஏற மாட்டேன். ரோடு இல்லாம எங்க போக முடியுமோ அங்க போறேன்."

இது சபதமா வேடிக்கையா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டுமே என்பது, அடுத்த பங்குனியில் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது தெரிந்தது. மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சக்கரம்கூடப் படாமல் வர ஒரு வழியை அவர் ஓர் ஆண்டு முழுக்கத் தேடிச் சேர்த்திருந்தார். சேர்த்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அது ஒரே வழியாக எங்கும் கிடக்கவில்லை. பக்கிங்காம் கால்வாயின் கரை கொஞ்சம், உப்பளத்து வரப்பு கொஞ்சம், கழுவெளி ஏரியின் ஓரம் மாட்டுத் தடம், பிறகு சவுக்குத் தோப்புகளுக்குள் மணல் இறுகிய ஒற்றையடிப் பாதை, மீனவர் குப்பங்களின் பின்புறம், கடைசியில் பெரிய முதலியார்சாவடி. சாலையை ஓரிடத்தில் குறுக்கே கடந்தே ஆக வேண்டும். அங்கே இறங்கி மிதிவண்டியைத் தோளில் தூக்கிக்கொள்வார். "சக்கரம் படலியே சார். பட்டாத்தான ஏறுனதா அர்த்தம்?" லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்ப்பார்கள். பின்னால் என்னுடையதைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். ஓய்வுபெற்ற துறைத்தலைவருக்கு ஏற்ற காட்சி அல்ல.

ஒரு முறை வடக்கே ஆலம்பரைக் கோட்டையிலிருந்து தொடங்கினோம். செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர்கள் பாதி நிற்கின்றன, மீதி அலைக்குள் கிடக்கின்றன. கடல்வழி வணிகத்தைப் பற்றி நான் ஒரு சிறு விரிவுரை ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சார். இந்தக் கோட்டைக்குள்ள வண்டி பார்க்கிங் எங்க இருந்துச்சி?" என்றார்.

இந்த வழியின் எந்தத் துண்டும் எங்களுடையதல்ல. அதனால் எதிரே வரும் ஒவ்வொருவரிடமும் அவர் நின்று பேசுவார். என் வழக்கம் வேறு. நான் புன்னகைத்து ஒதுங்கி வழிவிடுவேன். ஒருவர் நேரத்தை வீணாக்காமல் இருப்பதே மரியாதை என்று வளர்ந்தவன். அந்த மரியாதை முதல் ஆண்டிலேயே என்னை மாட்டிவிட்டது.

உப்பளத்து நடுவரப்பு ஓர் ஆள் நடக்கும் அகலம். எதிரே தலையில் உப்புக் கூடைகளோடு பெண்கள் வரிசையாக வந்தார்கள். அவர்களுக்கு இடம் விட வேண்டுமென்று, சற்றும் யோசிக்காமல், மிதிவண்டியோடு பக்கத்துப் பாத்தியில் இறங்கி நின்றேன். கணுக்கால் உயர நீர். அடியில் அன்று வாருவதற்குத் தயாராக விளைந்திருந்த உப்பு. என் காலணிக்கடியிலிருந்து கறுப்பு மண் புகைபோலக் கிளம்பிப் பரவியது.

"யோவ்! ஏறுய்யா மேல! செருப்புக் காலோட உப்புல நிக்கிறான் பாரு!"

முன்னால் வந்தவள் அஞ்சலை. என் வயதில் பத்துக் குறையும். கூடையை இறக்காமலே என்னைத் திட்டினாள். சுமையோடு வருபவர் வரப்பில் நிற்கமாட்டார். வெறுங்கையோடு வருபவர் வந்த வழியே பின்னால் போக வேண்டும். பாத்தியில் கால் வைக்கக் கூடாது. இதுதான் அங்கே முறை. திரும்பிப் பார்த்தேன். ஜமால் மிதிவண்டியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வரப்பின் முனைக்குப் போய்விட்டிருந்தார்.

"கோச்சுக்காதம்மா. அவரு காலேஜ் வாத்தியாரு" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னா பாடம் எடுக்கறாரு?"

"கெமிஸ்ட்ரி. உப்பு, ஆசிட்டு, அதெல்லாம்."

"உப்பா? பசங்க பாஸாவுதா?"

வரிசை முழுதும் சிரித்தது. கூடைகள் ஆடின, ஒரு கல் உப்பும் சிந்தவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பங்குனியும் நாங்கள் வரும்போது, "பாத்தில எறங்குன வாத்தியாரு வர்றாரு, வழி உடுங்கடீ" என்று தூரத்திலேயே அறிவிப்பாள். ஜமாலோடு அரைமணி நேரம் பேசுவாள். அவள் மகனின் வேலை, ரஷீதாவின் கல்யாணம், யார் முட்டிக்கு என்ன தைலம் என்பதெல்லாம் அந்த வரப்பில் அலசப்படும். நான் சற்றுத் தள்ளி நின்று பறவைகளைப் பார்ப்பேன்.

மரியாதையால் கெட்ட கதை இன்னொன்றும் உண்டு. ஓராண்டு பங்குனி நோன்பு மாதத்தில் வந்தது. அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் மிதிக்கிறார். அவர் எதிரில் நான் எப்படிக் குடிப்பது? நிறைந்த பாட்டிலைத் தொடாமலே ஓட்டினேன். கழுவெளி ஓரத்தில் கண் இருட்டி, மிதிவண்டியோடு சாய்ந்தேன். முகத்தில் என் தண்ணீரையே தெளித்து எழுப்பிவிட்டு, அவர் சத்தம் போட்டார்: "நான் நோன்பு வெச்சா அல்லாவுக்கு. நீங்க இன்னாத்துக்கு சார் பட்டினி? எனக்கா? குடிங்க மொதல்ல!" குடித்தேன். "வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, குடிங்கன்னு அப்பவே சொல்லியிருப்பேன்ல?" என்றும் சொன்னார். சரிதான் என்று அன்று சிரித்தேன். கற்றுக்கொள்ளவில்லை.

சென்ற பங்குனியில், கால்வாய்க் கரை ஏறும் மேட்டில் ஜமால் இறங்கினார். எப்போதும் எழுந்து நின்று மிதித்து ஏறும் மேடு. "செயினு சரியில்ல சார்" என்றார். செயின் நன்றாக இருந்தது. அவர் கைப்பிடியில் நெஞ்சைச் சாய்த்து நின்ற விதத்தை நான் பார்த்தேன். பார்த்ததை அவர் அறியக் கூடாது என்று நானும் இறங்கி, எனக்கும் முழங்கால் வலிக்கிறது என்றேன். இருவரும் மேட்டில் தள்ளிக்கொண்டு நடந்தோம். அந்த நடையில் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

ஆடியில் அவர் இறந்தார். இதயம். மருத்துவமனையில் ஒருநாள் இருந்தார். மனைவியை இழந்தவருக்கு, உடன்பிறந்தவரை இழந்தவருக்கு, மக்கள் கையைப் பிடித்துச் சொல்லச் சில சொற்கள் உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் சேர்ந்து மிதிவண்டி ஓட்டியவரை இழந்தவருக்கு என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. மையவாடியில் அடக்கம் முடிந்து திரும்பும்போது ரஷீதாதான் என்னருகே வந்தாள். "அங்கிள், அந்த வழில இருக்கறவங்களுக்கு யாரு சொல்லுவா? வாப்பா நம்பர் எதுவும் எழுதி வெக்கல. நீங்கதான் சொல்லணும்." சொல்கிறேன் என்றேன். மழைக்காலம் முடிந்து பாத்திகள் மீண்டும் விளையும்வரை காத்திருந்தேன். அதற்கு நியாயமான காரணம் இருந்தது. மழையில் வரப்புகளில் ஆள் இருக்காது.

இன்று ஆள் இருந்தது. அஞ்சலை மரப்பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். என் பின்னால் வரப்பு முழுவதும் காலியாகக் கிடந்ததைப் பார்த்தாள்.

"பாய் எங்க?"

"இன்னிக்கு வரலைங்க."

"மறுபடியும் துபாய் போய்ட்டாரா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை அசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்று இப்போதும் என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை. அவள் ஆம் என்றே எடுத்துக்கொண்டாள்.

"இந்த ஒடம்ப வெச்சிக்கினா? போன வருஷமே கேட்டேனே, இன்னா பாய் இப்படி மூச்சு வாங்குதுன்னு. நெஞ்சு வலிக்குது, ரெண்டு மாசமாவுதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போ, மொதல்ல வாத்தியாருகிட்ட சொல்லுன்னேன். வேணாம்மா, அவருகிட்ட சொன்னா அவரு சங்கடப்படுவாரு, கேக்கட்டும் சொல்றேன்னாரு." பலகையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களா?"

 நாற்பது நிமிடம் அங்கே நின்றேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குப் பிந்தையது. அவள் உப்பு வாரப் போய்விட்டாள். நான் பறவைகளைப் பார்த்தேன்.

வழி அப்படியே இருக்கிறது. தோப்பு ஓரிடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது, சாலையை அகலப்படுத்த நட்ட கற்கள் தெரிகின்றன. ஆனாலும் ஓட்ட முடிகிறது. குப்பத்தில் இருவர் என்னைப் பார்த்து நின்றார்கள். வணங்கிவிட்டுக் கடந்துவந்தேன். அவர்களை எனக்கு ஏழு ஆண்டுகளாகத் தெரியும், பெயர் தெரியாது. அந்தக் கரையில் என்னிடம் எவரும் எதுவும் சொல்லலாம் என்ற நிலை, ஜமால் என் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த வரையில் இருந்தது. இப்போது இல்லை.

செய்யாமல் நிற்பவை:

அஞ்சலையிடம் உண்மையைச் சொல்வது. பங்குனி முடியுமுன், பேருந்திலாவது போய்.

அவள் கேட்டதற்கு "இல்லை, கேட்கவில்லை" என்று பதில் சொல்வது.

குப்பத்து இருவரின் பெயரைக் கேட்பது.

ரஷீதாவுக்குத் தொலைபேசி. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பது. கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை வைக்காமல் இருப்பது.